ஒரே கையேடு என்ற மயக்கம்

2007 நவம்பரில் மலேசியத் தோட்டத் தொழிலின் மூன்று பெரும் நிறுவனங்கள் ஒன்றாக்கப்பட்டன. 1821இல் சிங்கப்பூரில் தொடங்கிய கத்ரி, 1910இல் மலாக்காவில் தொடங்கிய சைம் டார்பி, ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்பீல்ட் கம்பெனியின் மலேசியத் தோட்டங்களிலிருந்து உருவான கோல்டன் ஹோப் ஆகிய மூன்றும் சைம் டார்பி என்ற பெயருக்குள் வந்தன. பத்து ஆண்டு கழித்து, 2017இல், தோட்டப் பிரிவு தனி நிறுவனமாகப் பங்குச் சந்தைக்கு வந்தது. 2024இல் அதன் பெயர் எஸ்.டி. கத்ரி என்று மாறியது. ஜொகூரின் குளுவாங் மாவட்டத்தில் ரெங்கம், லாயாங்-லாயாங் பக்கம் 2005இல் கத்ரி நட்ட செம்பனை இன்னும் குலை தள்ளும் வயதில்தான் இருக்கிறது. அதற்குள் அதன் முதலாளியின் பெயர்ப்பலகை மூன்று முறை மாறிவிட்டது.

இப்படி நிறுவனங்கள் சேரும்போது செய்ய வேண்டிய முதல் வேலை என்ன என்று கேட்டால், மேலாண்மை வட்டாரத்தில் ஏறக்குறைய எல்லாரும் ஒரே பதிலைத்தான் தருகிறார்கள். பழைய கம்பெனிகளின் கையேடுகள், சுற்றறிக்கைகள், ஆய்வு அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரே கணினிக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும். ஒரு வேலைக்கு மூன்று முறைகள் இருந்தால் சிறந்ததைத் தேர்ந்து மற்ற இரண்டையும் நீக்க வேண்டும். தேர்ந்ததை எல்லாத் தோட்டங்களுக்கும் விதியாக்க வேண்டும். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரே கம்பெனியில் மூன்று விதமாக வேலை நடப்பது வீண்செலவு என்று யாருக்கும் தோன்றும். ஆனாலும் இந்தக் கருத்து தவறு. அறிவு எங்கே தங்குகிறது, எப்படிக் கெட்டுப்போகிறது என்ற அடிப்படையிலேயே தவறு. ஒரு முறை எந்த மண்ணில், எந்தக் காரணத்துக்காக, யாருடைய கண்ணில் பட்டு உண்டானது என்ற விவரம்தான் இணைந்த நிறுவனம் காப்பாற்ற வேண்டிய சொத்து. மூன்றை ஒன்றாக்கும் வேலையில் முதலில் கழிக்கப்படுவதும் அதே விவரம்தான்.

ஒன்றாக்கியே தீர வேண்டியவையும் உண்டு. 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியோடு இணைந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இரண்டின் கணினி அமைப்புகளும் ஒன்றாயின. அலகாபாத்தில் போட்ட நூறு ரூபாயும் அம்பத்தூரில் போட்ட நூறு ரூபாயும் ஒரே நூறு ரூபாய்தான். அங்கே வேறுபாட்டைக் காப்பதில் பொருளில்லை. தோட்டத்திலும் சம்பளப் பட்டியல், உரக் கொள்முதல், ஆலைக் கணக்கு ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றை ஒரே அமைப்புக்குள் கொண்டுவருவதை யாரும் எதிர்க்க வேண்டியதில்லை. கணக்குக்குப் பொருந்திய அதே வழியை, மரம் வளர்க்கும் அறிவுக்கும் அப்படியே பொருத்தும்போதுதான் கோளாறு தொடங்குகிறது.

ரெங்கம் என்ற இந்தச் சிற்றூரின் பெயர் மலேசிய மண்ணியலில் நிலைத்துவிட்ட பெயர். கருங்கற்பாறை சிதைந்து உண்டான, ஆழமான, நீர் தேங்காத, அமிலத்தன்மை மிகுந்த, சத்துக் குறைந்த மண்ணுக்கு ‘ரெங்கம் வகை’ என்று பெயர். வேறு மாநிலத்தில் இதே மண்ணைத் தோண்டி எடுத்தாலும் ஆய்வாளர் எழுதுவது இந்த ஊர்ப்பெயரைத்தான். இந்த மண்ணில், அதுவும் சரிவான நிலத்தில், போட்ட உரத்தை அடுத்த கனமழை அடித்துக்கொண்டு போய்விடும். வெட்டிய மட்டையைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்கி மண்ணைத் தடுப்பதும், உரத்தை எப்போது, எங்கே, எத்தனை தவணையாகப் போடுவது என்று பார்ப்பதும் இங்கே விளைச்சலைத் தீர்மானிக்கின்றன. சிலாங்கூர் கடலோரத்தில் கோல்டன் ஹோப்பிடம் இருந்த கேரித் தீவை எடுத்துக்கொண்டால் அது கடல் படிவக் களிமண். அங்கே நாள் முழுக்கக் கவலை தண்ணீரைப் பற்றியது. வாய்க்கால் எவ்வளவு ஆழம், நீர்மட்டம் எங்கே நிற்க வேண்டும், கடல்நீர் உள்ளே வராமல் கரை தாங்குமா என்பதுதான் அங்குள்ள அறிவு. இரண்டு இடத்து மேலாளர்களும் கெட்டிக்காரர்கள்தான். விளைச்சல் எண்ணை மட்டும் பார்த்துக் கடலோரத்து முறையே சிறந்தது என்று முடிவுகட்டி அதைக் கையேட்டில் ஏற்றினால், ரெங்கத்து மேலாளர் தன் மண்ணில் இல்லாத பிரச்சினைக்கு விடை வைத்திருப்பார். இருக்கும் பிரச்சினைக்கு ஏட்டில் விடை இருக்காது. எங்கே சிறந்தது என்ற கேள்வியை விட்டுவிட்டு எது சிறந்தது என்று மட்டும் கேட்பதன் விளைவு இது.

மண் வேறுபாட்டைக் கையேட்டில் ஓர் இணைப்பாகச் சேர்த்துவிட்டால் போயிற்று என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்குக் குளுவாங்கிலேயே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1970களின் இறுதிவரை செம்பனை காற்றில் மகரந்தம் பரவும் மரம் என்பதுதான் பாடநூல் கருத்து. மலேசியாவில், முக்கியமாக இளமரங்களில், காய்ப்பிடிப்பு போதாமல் இருந்தது. அதனால் தோட்டங்கள் ஆள் வைத்து மகரந்தம் தூவின. சில நாளைக்கு ஒரு முறை நிரை நிரையாக நடந்து, விரிந்த பெண்பூவைத் தேடி, மாவோடு கலந்த மகரந்தத்தைப் பீய்ச்சும் வேலை அது. செலவு பிடித்த வேலை. ஆனால் அன்றைக்கு அதுதான் முன்னேறிய முறை. கேமரூனில் யூனிலீவர் தோட்டத்தில் வேலை பார்த்த லெஸ்லி டேவிட்சன் அங்கே வேறொன்றைக் கண்டார். யாரும் கையால் தூவாமலே குலைகள் நிறையக் காய்த்தன; ஆண்பூக்களைச் சிறு வண்டுகள் மொய்த்துக்கொண்டிருந்தன. வேலையைப் பூச்சிதான் செய்கிறது என்ற அவருடைய சந்தேகத்தை வல்லுநர்கள் எளிதில் ஏற்கவில்லை. பிறகு பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் கேமரூனில் முறையாக ஆராய்ந்து, அந்த மூக்கு வண்டுதான் மகரந்தத்தைச் சுமக்கிறது என்று நிறுவினார். 1981 பிப்ரவரியில் குளுவாங் தோட்டத்தில் அந்த வண்டு முதன்முதலாக விடப்பட்டது. ஓரிரு ஆண்டுக்குள் கையால் மகரந்தம் தூவுவது நாடு முழுவதும் தேவையற்றுப் போனது.

இந்த வரலாற்றை ஒரு கணம் திருப்பிப் பார்க்கலாம். 1975இல் கேமரூன் தோட்டம் ஒன்றும் ஜொகூர் தோட்டம் ஒன்றும் இணைந்து, இன்றைய அறிவுரைப்படி ஒரே சிறந்த முறையைத் தேடியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஜொகூரில் எழுதப்பட்ட நடைமுறை இருந்தது, செலவுக் கணக்கு இருந்தது, பயிற்சி பெற்ற ஆட்கள் இருந்தார்கள். கேமரூனில் அப்படி ஒரு வேலையே நடக்கவில்லை. எழுத ஒன்றும் இல்லை. ஜொகூர் முறையே சிறந்தது என்று தேர்வாகியிருக்கும். கேமரூனுக்கும் மகரந்தப் பீய்ச்சிகள் அனுப்பப்பட்டிருக்கும். அங்கே ஏன் அது தேவைப்படவில்லை என்ற கேள்வி, கேட்கப்படாமலே களஞ்சியத்துக்கு வெளியே நின்றிருக்கும். இரண்டு இடங்களும் வேறு வேறாக நடந்துகொண்டதும், அந்த வேறுபாட்டை ஒருவர் கண்ணால் கண்டு விடாமல் பற்றிக்கொண்டதும்தான் இந்தக் கண்டுபிடிப்புக்கு வழிவிட்டன. இணைப்பின் உண்மையான ஆதாயமே இதுதான்: நேற்றுவரை தனித்தனியாக நடந்த முறைகள் இன்று ஒருவர் பார்வையில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. அந்த நேரத்திலேயே இரண்டில் ஒன்றை அழிப்பது, வாங்கிய சரக்கை வாசலிலேயே கொட்டிவிடுவதற்குச் சமம்.

அடுத்து, ஆவணங்களை ஏற்றினாலே நினைவு காப்பாற்றப்பட்டுவிடும் என்ற நம்பிக்கை. தோட்டத்தில் நிலத்தை அடையாளம் காட்டும் எண்ணைப் பார்த்தால் இதன் குறை தெரியும். வயல்களுக்கு, பொதுவாக, நட்ட ஆண்டையும் ஓர் எழுத்தையும் சேர்த்துப் பெயர் வைப்பார்கள். செம்பனைக்குச் சுமார் 25 ஆண்டு வாழ்வு. அதற்குப் பிறகு மரம் எட்டாத உயரத்துக்குப் போய்விடும், சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். மறுநடவோடு வயலின் எண்ணும் மாறும். சில சமயம் எல்லையும் மாறும்: இரண்டு வயல் ஒன்றாகும், ஒன்று இரண்டாகப் பிரியும். பழைய எண்ணின் கீழ் இருந்த விளைச்சல், உரம், நோய் விவரம் அனைத்தும் கணினியில் பத்திரமாக இருந்தாலும், புதிய எண்ணைத் தட்டிப் பார்ப்பவருக்கு அந்த நிலம் நேற்றுப் பிறந்ததுபோலத்தான் தெரியும். மூன்று கம்பெனிகள் மூன்று விதமாக எண்ணிட்டிருந்து, இணைப்புக்குப் பின் எல்லாவற்றையும் நான்காவது விதமாக மாற்றினால் நினைவின் நூல் இன்னும் பல இடத்தில் அறும்.

இதை ஏட்டுக் குறை என்று ஒதுக்க முடியாது. நிலத்தில் நோய் இருக்கிறது. கனோடெர்மா என்ற பூஞ்சை செம்பனையின் அடித்தண்டை அரித்துத் தின்னும். தஞ்சாவூர் வாடல் என்று தமிழ்நாட்டுத் தென்னை விவசாயிகள் அறிந்த நோயும் இதே குடும்பத்துப் பூஞ்சையால் வருவதுதான். விரியாத குருத்துகள் பல நிற்பது, கீழ்மட்டைகள் பாவாடைபோலத் தொங்குவது, அடியில் காளான் தட்டுகள் முளைப்பது என்று அடையாளம் தெரியும்போது மரம் பெரும்பாலும் காப்பாற்ற முடியாத நிலைக்கு வந்திருக்கும். மரத்தைச் சாய்த்தாலும் நோய் போகாது. மண்ணுக்குள் விட்ட அடிக்கட்டையிலும் வேரிலும் பூஞ்சை உயிரோடு இருந்து, புதுக் கன்றின் வேர் வந்து தொடும்வரை காத்திருக்கும். எனவே மறுநடவுக்கு முன் எந்த மரம் நோய்ப்பட்டது, எது சும்மா மின்னல் தாக்கிச் செத்தது என்று மரவாரியாகத் தெரிந்தால்தான் எந்த அடியைத் தோண்டி அப்புறப்படுத்துவது என்று முடிவுசெய்ய முடியும். அலுவலகக் கோப்பில் பெரும்பாலும் இருப்பது எக்டருக்கு இத்தனை மரம் குறைவு என்ற ஓர் எண்தான். நிரை நிரையாக அது தெரிந்திருப்பது அந்த வயலில் பல ஆண்டு ஆள் நடத்திய மண்டோருக்கும், குலை வெட்டப் போய்த் திரும்பியவர்களுக்கும். நிறுவனத்தின் பெயர் மாறினாலும் பூஞ்சை அதே குழியில் கிடக்கிறது. அந்தக் குழி எது என்ற அறிவு மட்டும், ஒருவர் ஓய்வுபெறும் நாளில் லாரியில் சாமான் ஏற்றி வெளியே போய்விடுகிறது.

அறிவு பல முதலாளிகளைத் தாண்டி வாழ்ந்த சான்றுகளும் இந்தப் பக்கமே இருக்கின்றன. லாயாங்-லாயாங்கில் உள்ள உலு ரெமிஸ் தோட்டத்தின் பெயர், செம்பனை வித்து வளர்ப்போர் மத்தியில் உலகம் முழுவதும் தெரிந்த பெயர். 1848இல் ஜாவாவின் போகோரில் நட்ட நான்கு கன்றுகளிலிருந்து பெருகிய டெலி டூரா வழியில், உலு ரெமிஸில் தேர்ந்தெடுக்கப்பட்ட மரங்களின் சந்ததி இன்றும் பல நாட்டு வித்துத் தோட்டங்களில் தாய்மரமாக நிற்கிறது. ரப்பர் என்னும் பால்மரத்தில் பி.பி. 86, பி.பி. 260 என்று வழங்கும் வகைகளின் முன்னெழுத்து, அவை பிறந்த பிராங் பெசார் தோட்டத்தைக் குறிப்பது. வம்சாவளிப் பதிவேட்டில் எந்தத் தாய், எந்தத் தந்தை, எந்த நிரை, எந்த மரம், எந்த ஆண்டு என்று எழுதியிருந்தார்கள். யாருக்குக் கைமாறினாலும் அந்த முகவரியை யாரும் கழற்றவில்லை. எல்லா வகைகளையும் கலந்து சிறந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று எந்த வித்து வளர்ப்பாளரும் சொல்ல மாட்டார். இன்று தோற்ற வகை நாளை ஒரு நோய்க்கு எதிராகத் தேவைப்படும் என்பது அவருக்குத் தெரியும். வித்துக்கு உள்ள இந்த மரியாதை வேலைமுறைக்கும் வேலைக்காரருக்கும் கிடைத்ததில்லை. பிராங் பெசாரையும் அதன் அண்டைத் தோட்டங்களையும் எடுத்துத்தான் 1990களில் புத்ராஜெயா நகரம் கட்டப்பட்டது. அங்கே தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்கள் டெங்கிலில் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டன. பி.பி. என்ற எழுத்து ஏட்டில் நிற்கிறது. அந்த மரங்களின் பட்டையை எத்தனை ஆழம் சீவினால் பால் நிற்காமல் வரும், எந்த ஆழத்தில் மரம் காயப்படும் என்று விரலால் அறிந்தவர்களிடம் ஒரு பக்கமாவது கேட்டு எழுதி, அந்த எழுத்தோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

எதிர்த் தரப்பின் வலுவான வாதம் அளவைப் பற்றியது. லட்சக்கணக்கான எக்டர் நிலத்தை ஆளும் நிறுவனம் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு வழக்கம் என்று விட்டால் மேற்பார்வை நடக்காது. மேலாளர் மாறும்போதெல்லாம் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். இதில் உண்மை உண்டு. ஆனால் இந்த வாதம் விதியையும் அறிவையும் ஒன்றாகக் குழப்புகிறது. பூச்சிமருந்து அடிக்கும்போது என்ன உடை போட வேண்டும், ஆலைக்குக் குலை எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பவை விதிகள். அவை ஒன்றாகவே இருக்கட்டும். மரத்தடியில் எத்தனை பழம் உதிர்ந்தால் குலை வெட்டலாம் என்ற கணக்கைப் பாருங்கள். அது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபட்டு வந்திருக்கிறது. அறுவடைச் சுற்று எத்தனை நாள், ஆள் எத்தனை பேர், உதிர்ந்த பழத்தைப் பொறுக்க யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்த கணக்கு அது. ஒரு தோட்டத்து எண் மற்றதற்குப் பொருந்தாது. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் காரணம் எல்லாத் தோட்டத்துக்கும் பயன்படும். காரணத்தோடு பதிவுசெய்த மூன்று எண்கள், காரணமில்லாத ஒரே எண்ணைவிடப் புதிய மேலாளருக்குச் சீக்கிரம் கற்பிக்கும். ஆள் பற்றாக்குறை வந்து சுற்று நீளும் மாதத்தில் எதை மாற்றுவது என்று அவருக்கே தெரியும். தலைமையகத்துக்கு எழுதிக் காத்திருக்க வேண்டாம்.

மண்டோரின் மனத்தில் உள்ளதை எழுத்தில் பிடிக்க முடியாது, அவர் எழுதவும் மாட்டார் என்பது இன்னொரு வாதம். ஜெராக்ஸ் நிறுவனம் இதை நேரடியாகச் சோதித்திருக்கிறது. நகலெடுக்கும் இயந்திரம் பழுதுபார்ப்பவர்கள் கையேட்டைப் பார்த்து வேலை செய்வதில்லை, ஒருவருக்கொருவர் கதையாகச் சொல்லிக்கொண்டுதான் புதிய கோளாறுகளைத் தீர்க்கிறார்கள் என்று மானுடவியலாளர் ஜூலியன் ஓர் அவர்களோடு சுற்றிக் கண்டறிந்தார். 1990களில் யுரேகா என்ற பெயரில் ஓர் அமைப்பு வந்தது. பழுதுபார்ப்பவரே தான் கண்ட தீர்வை எழுதுவார். சக பழுதுபார்ப்பவர்கள் அதைச் சோதித்து ஏற்பார்கள். எழுதியவரின் பெயர் அதோடு நிற்கும். பணப் பரிசைவிடப் பெயர் நிற்பதையே அவர்கள் விரும்பினார்கள். மேலிருந்து வழங்கப்பட்ட களஞ்சியங்கள் பல தூசி படிந்து கிடந்த காலத்தில், இது பல நாடுகளில் அன்றாடம் பயன்பட்டது. எழுத மாட்டார்கள் என்று சொல்வதற்கு முன், எழுதியது யார் பெயரில் நிற்கும், யார் படிப்பார்கள், எந்த மொழியில் கேட்கிறோம் என்று பார்க்க வேண்டும். ஆங்கிலப் படிவத்தை நீட்டினால் மண்டோர் எழுதத்தான் மாட்டார். வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பிரட்டில் தமிழிலோ மலாயிலோ கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்; எழுத்தரான கிராணி பதிவுசெய்தால் போதும்.

தோட்டத்தில் இப்போது தமிழர் எங்கே இருக்கிறார்கள், இருப்பவர்கள் இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ஒப்பந்தத்தில் வந்து போகிறவர்கள், அவர்களிடம் என்ன அறிவு சேரும் என்று கேட்பவர்களும் உண்டு. ஆட்கள் நிலையாக இல்லாத இடத்தில்தான் கேட்டு வைப்பது இன்னும் அவசரம். தொழிலாளி அறிந்ததைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உற்பத்திக்கு வெளியேயும் சான்று இருக்கிறது. 2020 டிசம்பர் 30 அன்று அமெரிக்கச் சுங்கத் துறை, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி, சைம் டார்பி பிளாண்டேஷனின் பாமாயில் இறக்குமதியை நிறுத்தியது. 2023 பிப்ரவரியில்தான் அந்தத் தடை விலகியது. அதற்குள் நிறுவனம், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வேலைக்கு வருவதற்காகக் கட்டிய ஆள்சேர்ப்புக் கட்டணத்தைத் திருப்பித் தர ஏற்பாடு செய்தது. ஊரில் எந்தத் தரகருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது லயத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்த விவரம். அறிவு மேலாண்மை என்ற பெயரில் கையேடுகளை மட்டும் திரட்டும் எந்த நிறுவனத்திலும் அப்படிப்பட்ட விவரம் ஏறுவதற்குப் படிக்கட்டு இருக்காது. உரத்தைப் பற்றிக் கேட்காத காது, கடனைப் பற்றி மட்டும் எப்படிக் கேட்கும்?

கடைசியாக, இப்போதைய நம்பிக்கை: எல்லாவற்றையும் ஏற்றிவிட்டால் செயற்கை நுண்ணறிவு தேடித் தந்துவிடும், ஒழுங்குபடுத்தும் கவலையே வேண்டாம் என்பது. தேடும் கருவி எழுதப்பட்டதைத்தான் தேடும். நீக்கப்பட்ட இரண்டு முறைகளும் அதற்குத் தெரியாது. வயல் எண் மாறிய இடத்தில் நூலை அதனால் முடிச்சுப் போட முடியாது. பெரும்பான்மை ஆவணங்கள் சொல்வதையே அது விடையாகத் தரும் என்றால், 1978இல் அதைக் கேட்டவருக்கும் செம்பனை காற்றில் மகரந்தம் பரவும் மரம் என்ற பதில்தான் கிடைத்திருக்கும். கருவி வேண்டாம் என்பதில்லை. எதைக் கொடுத்தோம் என்பதைப் பொறுத்துத்தான் அது தரும். கொடுக்க வேண்டியது இன்னும் மனிதர்களிடம் இருக்கிறது.

இணைப்புக் காலத்தை ஒட்டி ரெங்கம் பக்கத்தில் நடப்பட்ட வயல்கள் 2030களின் தொடக்கத்தில் மறுநடவுக்கு வரும். அதற்குள் செய்ய முடிகிற வேலை பெரிதல்ல. மறுநடவுச் செலவுக்கு அனுமதி கேட்கும் தாளோடு இன்னொரு தாளும் கட்டாயம் இருக்க வேண்டும்: அந்த நிலத்தின் பழைய எண்கள் அனைத்தும், எந்தக் கம்பெனி காலத்தில் என்ன முறை நடந்தது, ஏன் மாற்றப்பட்டது, நோய்ப்பட்ட மரங்கள் நின்ற இடங்கள், அதைச் சொன்னவர் பெயர். வயலை எண்ணால் அல்லாமல் வரைபடத்தில் உள்ள இடத்தால் அடையாளப்படுத்தினால், அடுத்த முறை பெயர்ப்பலகை மாறினாலும் இந்தத் தாள் நிலத்தோடு நிற்கும். ஓய்வுபெற்ற மண்டோர் ரெங்கத்திலோ குளுவாங் குடியிருப்பிலோ இருந்தால், ஒரு நாள் கூலி கொடுத்து அழைத்து வந்து வயலில் நடக்கவைக்க வேண்டும். அவர் காட்டும் மரத்துக்குச் சாயம் பூசி அடையாளமிடும் ஆளும் கூட நடக்க வேண்டும். மரம் நிற்கும்போதுதான் இது நடக்கும். மண்வாரி இயந்திரம் வந்து சாய்த்துத் துண்டாக்கிய பிறகு, அடியழுகிய மரம் எது, நல்ல மரம் எது என்று யாராலும் சொல்ல முடியாது.